ஒப்பந்தம் முதல் யாப்பு வரை

பல்லேகலையிலிருந்து மஹியங்கனை வீதியில் திகனை, தெல்தெனிய தாண்டிப் போனால் மெதமஹநுவர வரும். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டது அந்தப் பக்கத்தில்தான். இரண்டு கிழமை கழியுமுன்னே, மார்ச் 2ஆம் திகதி, கண்டி மகுல் மடுவவில் பிரித்தானிய ஆளுநர் பிரவுன்றிக் முன்னிலையில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மொத்தம் 12 பிரிவுகள். பௌத்த மதத்தைப் பேணுவோம் என்றது ஐந்தாம் பிரிவு. மன்னனின் நாயக்கர் உறவினருக்கு இனி அரியணை உரிமை இல்லை என்றது இன்னொன்று. பிரித்தானியருக்கு எதிரான ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சிக்குப் பின், 1818 நவம்பர் பிரகடனம் கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்தை வெட்டிக் குறைத்தது.

அப்படிப் பிரித்தானியரிடம் போன சுதந்திரம் திரும்பிய விதம்தான் வேடிக்கை. அமெரிக்கரைப் போல நாம் பிரகடனம் எதுவும் எழுதவில்லை. லண்டன் நாடாளுமன்றம் 1947இல் நிறைவேற்றிய இலங்கைச் சுதந்திரச் சட்டமே 1948 பெப்ரவரி 4க்கு ஆதாரம். பிரித்தானிய முடியின் தொடர்பு அறுந்தது 1972 மே 22ஆம் திகதி, குடியரசு யாப்போடுதான். அந்த யாப்பும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. அதை ஆக்கிய சபையிலிருந்து தமிழரசுக் கட்சி 1971இலேயே வெளியேறியிருந்தது.