துயரின் துறைகள்

பட்டர்வொர்த் துறைமுகத்தை அடுத்துள்ள பாகான் டாலாம், பினாங்கு மாநிலத்தில் தமிழர் பலர் வாழும் பகுதிகளுள் ஒன்று. அங்கும், தமிழர் குடியேறிய வேறெங்கும், வீட்டுப் பெரியவர்க்குத் தீராநோய் கண்டால் மருத்துவர் கூறியதை அவரிடம் மறைப்பதே வழக்கமாக உள்ளது. பெரியவரோ பெரும்பாலும் அறிந்தேயிருப்பார்; பிள்ளைகள் வருந்துவரே என்று அறியாதவர்போல் இருந்துவிடுவார். ஒருவரையொருவர் காக்க எண்ணிச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லாமலே பிரிகின்றனர்.

மேனாட்டு மருத்துவமனைகளிலும் இம்மௌனம் இருந்தது. அதை உடைத்தவர்களுள் ஒருவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் அம்மையார். 1926இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் மனநோய் மருத்துவராகப் பணியாற்றியவர். சிகாகோ நகரில், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் அச்சாவைப் பற்றியே உரையாடினார். 1969இல் வெளிவந்த அவரது நூல் ஐந்து நிலைகளைக் கூறிற்று. ‘எனக்கா? இராது’ என்னும் மறுப்பு, ‘எனக்கு ஏன்?’ என்னும் சினம், ‘பேத்தி திருமணம் வரையிலேனும்’ என்னும் பேரம், அதன்பின் மனச்சோர்வு, இறுதியில் ஏற்பு. தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொள்வோரை மூன்றாம் நிலையில் அடக்கிவிடத் தோன்றும். ஆனால் நேர்த்திக்கடன் வெறும் பேரமன்று. கையாலாகாத நேரத்தில் குடும்பம் கூடிச் செய்யக்கூடிய ஒரு செயலும் ஆகும்.

இறப்பவரை வைத்துக் கூறப்பட்ட இந்நிலைகளைப் பின்வந்தோர் இழந்தவர்க்கும் உரியவாக்கினர். வகுப்பேறுவதுபோல் முறையே கடக்கவேண்டிய படிகள் என்றும் கொண்டனர். பின்னைய ஆய்வுகள் அத்தகைய கட்டாய வரிசையைக் காணவில்லை. டேவிட் கெஸ்லருடன் அம்மையார் எழுதி, அவர் மறைந்தபின் 2005இல் வெளிவந்த நூலும் துயரம் அவ்வாறு ஒழுங்குபட நிகழாதென்றே கூறுகிறது. துயருற்றவர் மனம் இழப்பின்பாலும் அன்றாட வாழ்வின்பாலும் மாறிமாறிச் செல்லும் என்பது 1999இல் ஸ்ட்ரோப, சுட் என்னும் நெதர்லாந்து ஆய்வாளர் காட்டியது. காலையில் கணவனின் சட்டையை அணைத்து அழுதவள் மாலையில் மின்கட்டணம் செலுத்தப் போவாள். மறுநாள் மீண்டும் அழுவாள். தந்தையின் கருமக்கிரியை முடிந்து பள்ளிக்குத் திரும்பிய சிறுவன் ஓடிவிளையாடுவதைக் கண்டு, அவனுக்குத் துயரமில்லை என்று ஆசிரியர் எண்ணிவிடலாகாது.

தமிழாசிரியர்க்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியர் காஞ்சித் திணையில் சாவையும் இழப்பையும் படிகளாக வைக்கவில்லை, துறைகளாக வைத்தார். துறை என்பது நீரில் இறங்குமிடம். (பாகான் என்னும் மலாய்ச் சொல்லும் படகு அணையும் துறையையே குறிக்கும்.) யார் யாரை இழந்தார் என்பதற்கேற்ப இறங்குமிடம் வேறுபடும். மனைவியை இழந்தவன் நிலை தபுதாரம். கணவனை இழந்தவள் நிலை தாபதம். அவளே பாலைவழியிடைத் தனித்து அரற்றுவது முதுபாலை. மாய்ந்தோரை நினைந்து எஞ்சினோர் புலம்புவது கையறுநிலை. இன்று ஏற்கத்தகாததும் அவற்றுள் உண்டு. கணவனுடன் தீப்புகுவாளைக் கூறும் மாலைநிலை அத்தகையது.

புறநானூற்று 245ஆம் பாடலில் சேரமான் மாக்கோதை மனைவியை ஈமத்தீயில் இட்டுவிட்டு நிற்கிறான். தன் உயிரைக் கொல்லும் வலிமை இத்துயருக்கு இல்லையே, ஆதலால் இதன் அளவுதான் என்ன என்று கேட்கிறான். அவள் மாண்டபின்னும் தான் வாழ்வது என்ன இயல்போ என்று வியக்கிறான். மறுப்போ ஏற்போ என்று எந்த நிலையில் இவனை நிறுத்துவது?

சாவுக்கு முந்திய நிலைக்கு 281ஆம் பாடல் உண்டு. அரிசில்கிழார் பாடியது, துறை தொடாக்காஞ்சி. புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனையில் வேப்பிலை செருகி, யாழிசைத்து, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை எழுப்பிக் காப்போம் வா என்று தோழியை அழைக்கிறாள் ஒருத்தி. பேயை அகற்றும் சடங்கு என்றே உரைப்பர். எனினும் நோயாளி தனித்துக் கிடக்கவில்லை, காப்பவளும் தனித்திருக்கவில்லை.

மலேசியாவில் 1990களின் தொடக்கத்தில் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீடுதேடிச் செல்லும் அந்திமப் பராமரிப்பு தொடங்கிற்று. பினாங்கில் அதற்கு முன்னோடியாய் நின்றவர்களுள் மருத்துவர் தி. தேவராஜ் ஒருவர். இத்தகைய பணியில் வீட்டுக்கு வரும் தாதி வலிக்கு மருந்து தருவதோடு நிற்பதில்லை. நோயாளி தம் நோயைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார், இன்னும் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதையும் அவரிடமே கேட்பார். பல வீடுகளில் அக்கேள்வி எழுவது அதுவே முதன்முறை.