'ஃபெட் அப்'புன்னா திகட்டல்... கடுப்பை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?

காரைக்குடியில் இன்டர்வியூ முடிச்சுட்டு குன்றக்குடி பஸ்ஸுக்காக நிக்கிறீங்க. பஸ் வர்ற வழியைக் காணோம். ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல 'செம காண்டுல இருக்கேன்'னு தட்டிவிட்டா முடிஞ்சது. ஆனா, வேலை கிடைச்சு, மூணாவது தடவையா தேதியை மாத்துற கிளையன்ட்டைப் பத்தி மேனேஜர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லணும்னா? 'ஐ யாம் மூட் அவுட்'னு சொன்னா வெளிநாட்டுக்காரர் முழிப்பார். அது நாமளே தைச்சு மாட்டிக்கிட்ட இங்கிலீஷ்.

'ஃபெட் அப்' எடுத்துக்கங்க. 'ஃபெட்' என்றால் ஊட்டப்பட்ட என்று அர்த்தம். கல்யாணப் பந்தியில் கந்தரப்பம், கவுனி அரிசின்னு இலையில் விழுந்துக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல 'போதும்டா சாமி'ன்னு கையை மறிப்போமே, அதேதான். நம்ம 'திகட்டிடுச்சு'. அதனால, முதல் நாள் கோபத்துக்கு இது பொருந்தாது. ரொம்ப நாள் பொறுத்து, வெறுத்துப்போன பிறகு சொல்ற வார்த்தை இது. பின்னால 'வித்' சேர்த்துக்கங்க.

அடுத்தது 'தி லாஸ்ட் ஸ்ட்ரா'. ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா இல்லைங்க, வைக்கோல். ஏற்கெனவே பாரம் தாங்காத ஒட்டகத்தின் முதுகை ஒடிச்ச கடைசி வைக்கோல். இதுக்கு நாம இங்கிலாந்து வரைக்கும் போகவே வேண்டாம். மயில் வடிவ மலைன்னு சொல்லப்படுற குன்றக்குடி மலையில் சண்முகநாதர் கோயில் இருக்கு. அடிவார ஆதீனத்தில் இருந்த குன்றக்குடி அடிகளார் ஊர் ஊராகப் பேசிய திருக்குறளில், வலியறிதல் அதிகாரத்தில், 475-வது குறளில் இதே விஷயம் இருக்கு. லேசான மயிலிறகுதான், ஆனா அளவுக்கு மீறி ஏத்தினா வண்டி அச்சே முறிஞ்சுடும். ஒட்டகத்தைவிட மயிலிறகு அழகா இருக்குல்ல? சின்ன விஷயத்துக்கு ஒருத்தர் ஏன் வெடிக்கிறார்னு கேட்டா, அது சின்ன விஷயம்தான், ஆனா கடைசி விஷயம்.

பக்கத்து வீட்டு டிரில்லிங் சத்தம் மாதிரி விடாத தொல்லைக்கு 'இட்ஸ் ட்ரைவிங் மீ அப் தி வால்'. ஒருத்தரோட பழக்கமே எரிச்சல்னா 'ஹி கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்'. ரெண்டும் நண்பர்களோடு பேச ஓகே.

உஷாரா இருக்கவேண்டியது 'பிஸ்டு ஆஃப்'. ஓ.டி.டி சீரிஸ் பார்த்துப் பார்த்து நமக்குச் சாதாரணமாகிடுச்சு. ஆனா அது கொச்சை. அமெரிக்காவில் வெறும் 'பிஸ்டு' என்றாலே கோபம்தான். பிரிட்டனில் அதே வார்த்தைக்குப் பொதுவா 'ஃபுல் போதை'ன்னு அர்த்தம். லண்டன் கிளையன்ட் மீட்டிங்கில் 'ஐ யாம் பிஸ்டு'ன்னு சொன்னா என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சுக்கங்க!

அப்போ அந்த மேனேஜருக்கு என்ன எழுதுறது? 'ஐ யாம் எ பிட் ஃப்ரஸ்ட்ரேட்டட் வித் தி டிலே'. 'எ பிட்' கோபத்தோட காரத்தைக் குறைக்கும். 'டிலே'ன்னு போட்டதால கடுப்பு தாமதத்து மேலதான், ஆள் மேல இல்லைன்னு அவருக்கும் புரியும்.