சீட்டுப் போடும் இடத்திலேயே திரும்பிவிடும் பிள்ளைகள்

திண்டுக்கல் - மதுரை சாலையில், சின்னாளபட்டிக்கு அருகில் இருக்கிறது காந்திகிராமம். 1947-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். சிறு வயதிலேயே மணமுடிக்கப்பட்டு, இளமையிலேயே கணவரை இழந்து, அதன் பிறகு டெல்லியில் மருத்துவம் படித்தவர். அந்த மண்ணில் 1964-ல் உருவான சுகாதார, குடும்ப நல நிறுவனம் மருத்துவத் துறையினருக்குப் பயிற்சி தந்து வருகிறது. வளரிளம் பருவத்தினரின் இனப்பெருக்க நலம் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஏது!

பேச வேண்டியது, யாருக்குப் பயிற்சி தருவது என்பதைப் பற்றி.

10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்காக மத்திய அரசு 2014 ஜனவரியில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் அதற்கு முன்பே, 2012-ல், ‘புது யுகம்’ திட்டத்தில் கிராமப்புறச் சிறுமிகளுக்கு இலவச நாப்கின் வந்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. இவற்றைக் கொண்டுசேர்ப்பதில் கிராம சுகாதார செவிலியரின் உழைப்பு பெரிது. பயிற்சி என்றாலும் முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

ஆனால் பிள்ளைகள் சிகிச்சைக்கு வரக்கூடிய நேரத்தை முடிவு செய்பவர் அவரல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளர் பிரிவு பள்ளி நேரத்தில் நடக்கிறது. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை விடுதியில் தங்கி ஷிப்டு பார்க்கும் பெண்ணுக்கு அந்த நேரமும் கிடையாது. லீவு போட்டு வந்தாலும், சீட்டுப் போடும் இடத்தில், ஊர்க்காரர்கள் காதுபட, “என்ன பாப்பா, என்ன செய்யுது?” என்று கேட்டால் “தலைவலி” என்றுதான் சொல்லுவாள். மாதவிடாய்க் கோளாறும் வெள்ளைப்படுதலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். பையன்களோ வாசல் பக்கமே வருவதில்லை. தனி அறை, மாலை நேரம், சீட்டுப் போடுபவரின் நாக்கு எல்லாமே வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர் மட்டத்தில் சரிசெய்ய வேண்டியவை.

சட்டச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 18 வயதுக்குட்பட்ட பெண் கருவுற்று வந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் தர வேண்டும். அந்தப் பயத்திலேயே போலி மருத்துவரிடம் போகிறவர்கள் உண்டு. சம்மத உறவில் கருவுற்ற சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் தான் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நிலையத்தை நிர்வகிப்பவருக்கு இது தெரியாவிட்டால், கீழே இருப்பவர் என்ன செய்வார்? பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கைகழுவுவார்.

அடுத்த பயிற்சிக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் அதிகாரிகள், செவிலியர்களின் பெயருக்கு மேலே தங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும்.