ஸ்கூல்ல நீச்சல் டீம் இருக்கு, லோன் போட்டுச் சேர்க்கலாமா?

ஆபீஸ் நண்பர் ஒருத்தரோட பொண்ணு மாவட்டப் போட்டிகள்ல நீந்துறா. எட்டாவதுக்கு நீச்சல் டீம் இருக்கிற தனியார் ஸ்கூலுக்கு மாத்த, பர்சனல் லோன் எடுக்கக் கிளம்பிட்டார். பிடிச்சு உட்கார வெச்சுக் கணக்குப் போட்டோம்.

புது ஸ்கூல் வருஷத்துக்கு 2,40,000 ரூபாய். இப்போ படிக்கிற ஸ்கூல் 1,10,000, வெளியே கோச்சிங் 48,000. வித்தியாசம் 82,000. பன்னிரண்டாவது வரை அஞ்சு வருஷம், ஃபீஸே ஏறலைன்னாலும் 4,10,000! வட்டி தனி.

அங்கே இருந்ததோ 25 மீட்டர் குளம். தேசியப் போட்டிகள் பெரும்பாலும் 50 மீட்டர் குளத்துலதான். 100 மீட்டர் நீந்த, சின்னக் குளத்துல மூணு தடவை சுவரை உதைச்சுத் திரும்பலாம். பெரிய குளத்துல ஒரே தடவை. அதனால சின்னக் குளத்து டைமிங்கை நம்பி ஏமாறாதீங்க.

ஸ்கூல்ல ஒண்ணு மட்டும் கட்டாயம் கேளுங்க: பத்தாவது வந்ததும் ஸ்பெஷல் கிளாஸ்னு காலைப் பயிற்சியை நிறுத்திடுவீங்களா? இவருக்கு நேரான பதில் வரலை.

வரிச் சலுகையும் பழைய முறையில ட்யூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான். டொனேஷன், கோச்சிங் எதுவும் வராது.

லோன் எடுக்கலை. இப்போ பழைய ஸ்கூல், காலையில வேளச்சேரி அரசு நீச்சல் வளாகம். பெட்ரோலைக் கணக்குல விட்டுட்டோமேன்னு நேத்து புலம்பினார்.