உங்க ஊர்ச் செடி ஒரு கேமில் முளைக்க வேண்டுமா? இலவச உரிமம் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நெருளில் பாம் பீச் ரோடு ஓரமாகப் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் அடுக்குமாடிகள், மறுபக்கம் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் சுவாச வேர்கள். ஆனால் கேம் செய்பவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் இலவசப் படத் தொகுப்புகளில் பைன், ஓக் மரங்கள்தான் சுலபமாகக் கிடைக்கின்றன. அந்த இடைவெளியை நீங்களே நிரப்பலாம்.

'எடுத்துக்கோங்க' என்றால் போதாதா?

போதாது. 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் வரைந்த உடனே உரிமை உங்களுடையது. பதிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். படத்தை மாற்றலாமா, கேமை விற்கலாமா என்று எழுத்தில் சொல்லாவிட்டால், கவனமான டெவலப்பர் அதைத் தொடவே மாட்டார்.

எந்த உரிமம்?

* சிசி0: யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். உங்கள் பெயரைக்கூடப் போட வேண்டியதில்லை.
* சிசி பை: பயன்படுத்தலாம், விற்கலாம். ஆனால் உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும்.
* சிசி பை-எஸ்ஏ: பெயரும் வேண்டும், மாற்றிய படத்தையும் இதே உரிமத்தில்தான் பகிர வேண்டும்.

'வணிகத்துக்குக் கூடாது' என்ற என்சி உரிமம் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் கேமில் ஒரு விளம்பரம் வந்தாலே சிக்கல் வரலாம். ஓப்பன்கேம்ஆர்ட் தளம் அத்தகைய படங்களை ஏற்பதில்லை.

எப்படி வரைவது?

2012-ல் கிரியேட்டிவ் காமன்ஸ், ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், ஓப்பன்கேம்ஆர்ட் ஆகியவை 'லிபரேட்டட் பிக்சல் கப்' போட்டியை நடத்தின. முதலில் எல்லோருக்கும் ஒரே பாணிக் கையேடு தரப்பட்டது. அதனால் ஒருவர் வரைந்த மரம் இன்னொருவர் வரைந்த தரையில் பொருந்தியது. நீங்களும் கட்டத்தின் அளவு, வெளிச்சம் வரும் திசை, நிறங்கள் ஆகியவற்றை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்போடு, லேயர்கள் உள்ள மூலக் கோப்பையும் உரிமக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

கூகுளில் கிடைத்த போட்டோவின் மேல் டிரேஸ் செய்யாதீர்கள். அதன் உரிமை வேறொருவருடையது. நீங்களே போட்டோ எடுங்கள். இல்லையென்றால் பழைய ஓவியங்களைப் பாருங்கள். 19-ம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்கள் வரைந்த தென்னிந்தியச் செடிகளுக்கு இன்று பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லை.

பகிரும் முன் இரண்டு விஷயம்

நீங்கள் டிசைனராக வேலை பார்க்கிறீர்களா? வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்கே சொந்தம். ராத்திரி வீட்டில் வரைந்ததாக இருந்தாலும் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்து, கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. நாளை உங்கள் மரம் இருக்கும் கேம் லட்சக்கணக்கில் சம்பாதித்தாலும் பங்கு கேட்க முடியாது. அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் அப்லோட் செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு செடியோடு தொடங்கிப் பாருங்கள்.