தாய்க் கதையும் கிளைக் கதைகளும்



'ஸ்டார் வார்ஸ்' முதல் படம் 1977-இல் வந்தது. அந்த விண்வெளிச் சாகசத்தின் கிளைக் கதைகள் இப்போது ஏராளம். எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? கல்லூரி விடுதி நண்பர்கள் இதைப் பேச உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

முதல் படத்தில், பகைவரின் பேராயுத வரைபடம் புரட்சிப் படையின் கையில் இருக்கும். அதை உயிரைக் கொடுத்து எடுத்து வந்தவர்கள் யார்? 2016-இல் வந்த 'ரோக் ஒன்' அதைச் சொன்னது. அவர்களில் ஒருவனின் முன்கதைதான் 'ஆண்டோர்' தொடர். 2022, 2025 ஆண்டுகளில் இரு பருவங்கள், மொத்தம் 24 பகுதிகள். இதில் ஒளிவாள் வீச்சு கிடையாது. கொடுங்கோலை எதிர்க்கும் எளிய மக்களின் துணிச்சல் உண்டு. ஆனால் எல்லாக் கிளைக் கதைகளும் வெற்றி பெறவில்லை; 2018-இல் வந்த 'சோலோ' படம் எதிர்பார்த்த வசூலை எட்டவில்லை.

இந்தக் கிளைக் கதைகளில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 2023 மே 4 அன்று வெளியான 'ஸ்டார் வார்ஸ் விஷன்ஸ்' இரண்டாம் தொகுதியில் 9 குறும்படங்கள். அதில் ஒன்று, மும்பையின் 88 பிக்சர்ஸ் உருவாக்கி, இஷான் சுக்லா இயக்கிய 'தி பேண்டிட்ஸ் ஆஃப் கோலக்'. ஊரைவிட்டுத் தப்பி ஓடும் அண்ணனும் தங்கையும் ஒரு தாபாவில் அடைக்கலம் தேடும் கதை. அனிமேஷன் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் அவசியம் பாருங்கள்.

தாய்க் கதை சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். புதிதாகப் பார்ப்பவருக்கும் தனியாகப் புரிய வேண்டும். நல்ல கிளைக் கதைக்கு இந்த இரண்டும்தான் அளவுகோல்.