களைக்கொல்லி பாதுகாப்பானதா? முதல்ல, யாருக்கு?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப். பார்க்கிங் ஓரத்துலயும் குழந்தைங்க ஊஞ்சல் பக்கத்துலயும் மண்டிக்கிடந்த புல்லுக்கு மருந்து அடிச்சாங்க. யாரோ கேனைப் போட்டோ எடுத்துப் போட்டாங்க: கிளைபோசேட் 41%. அரை மணி நேரத்துல குரூப் ரெண்டாச்சு. "இது கேன்சர்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு"ன்னு ஒரு கோஷ்டி. "ஐரோப்பாவுலயே அனுமதி இருக்கு, சும்மா பீதியைக் கிளப்பாதீங்க"ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பக்கமும் லிங்க் போட்டாங்க. உக்காந்து படிச்சேன். சிக்கல் என்னன்னா, ரெண்டு லிங்கும் உண்மைதான்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். 1970-ல மான்சான்டோ கம்பெனியின் வேதியியலாளர் ஜான் ஃபிரான்ஸ் இதுக்குக் களையைக் கொல்லும் குணம் இருக்குன்னு கண்டுபிடிச்சார். 1974-ல 'ரவுண்டப்' என்ற பேர்ல விற்பனைக்கு வந்தது. செடிகள் தங்களுக்குத் தேவையான மூணு அமினோ அமிலங்களைத் தாங்களே தயாரிச்சுக்கும். அந்த வேலையில ஒரு என்சைம் முக்கியம். கிளைபோசேட் அதைப் போய் அடைச்சுடும். இலையில விழுந்தது வேர் வரைக்கும் இறங்கி, ஒரு வாரம் பத்து நாள்ல செடி மஞ்சளாகிச் செத்துடும். நம்ம உடம்புல அந்த என்சைமே கிடையாது. அந்த மூணுல ரெண்டைச் சாப்பாட்டுல இருந்துதான் எடுத்துக்கிறோம்.

"மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது" என்ற வாதம் இங்கிருந்துதான் வருது. தப்பில்லை, ஆனா பாதிதான். ஒரு ரசாயனம் குறிவைச்ச இடத்தை மட்டும்தான் தொடும்னு எந்தச் சட்டமும் இல்லை. அதோட, கேன்ல இருக்கிறது கிளைபோசேட் மட்டும் இல்லை. மருந்து இலையில ஒட்டிப் பரவ சோப்பு மாதிரி ஒண்ணைக் கலப்பாங்க. அதுல பி.ஓ.இ.ஏ. என்ற ஒரு வகையை ஐரோப்பிய யூனியன் 2016-ல கிளைபோசேட் மருந்துகள்ல கலக்கக் கூடாதுன்னு தடை பண்ணிடுச்சு. தவளைக் குஞ்சுகளுக்குக் கிளைபோசேட்டை விட அது மோசம்.

இப்ப அந்த ரெண்டு லிங்க். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015 மார்ச்ல கிளைபோசேட்டை '2ஏ' பட்டியல்ல சேர்த்தது. "மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமா வாய்ப்புண்டு" என்று அர்த்தம். அதே பட்டியல்ல வேற யார் இருக்காங்க தெரியுமா? மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி. 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற டீ, காபி. அப்புறம் நைட் ஷிஃப்ட்! ராத்திரி ரெண்டு மணிக்கு அமெரிக்க கிளையன்டோட கால்ல சூடா டீ குடிச்சுக்கிட்டு இருக்கிற நான், கணக்குப்படி அந்தப் பட்டியல்ல ரெண்டு இடத்துல இருக்கேன்.

அந்தப் பட்டியல் சொல்றது ஆதாரம் எவ்வளவு வலுவா இருக்குன்னு மட்டும்தான். எவ்வளவு பட்டா எவ்வளவு ஆபத்துன்னு அது சொல்லாது. நம்ம பாஷையில சொன்னா, "இந்தக் கோடுல பக் இருக்கா?" என்ற கேள்விக்கான பதில். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே 2015 நவம்பர்ல புற்றுநோய் அபாயம் இருக்க வாய்ப்பில்லைன்னு சொன்னது. கிளைபோசேட்டைத் தனியா எடுத்துப் பார்த்தாங்க, கம்பெனிகள் கொடுத்த, வெளியிடப்படாத ஆய்வுகளையும் சேர்த்துக்கிட்டாங்க. இந்த மாதிரி ஆணையங்கள் அனுமதி கொடுக்கும்போது கேக்கிறது வேற கேள்வி: "சொன்ன மாதிரி பயன்படுத்தினா கிராஷ் ஆகுமா?" ஐரோப்பா 2023-ல இன்னும் 10 வருஷத்துக்கு அனுமதியை நீட்டிச்சது.

"சொன்ன மாதிரி பயன்படுத்தினா." எனக்கு மாட்டினது இந்த வார்த்தைதான்.

கலிஃபோர்னியாவுல டிவெய்ன் ஜான்சன் என்று ஒருத்தர். ஸ்கூல் மைதானங்களைப் பராமரிக்கிற வேலை. வருஷத்துக்குப் பல முறை களைக்கொல்லி அடிச்சவர். ஒரு தடவை ஸ்ப்ரேயர் பழுதாகி மருந்து அவர் மேலேயே கொட்டியிருக்கு. 2014-ல அவருக்கு ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்னு தெரிஞ்சது. 2018-ல ஜூரி அவருக்கு 28.9 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அப்பீல்ல அது கடைசியா சுமார் 2 கோடி டாலரா குறைஞ்சது. ஆனா, ஆபத்தைப் பத்திக் கம்பெனி எச்சரிக்கலை என்ற தீர்ப்பு நின்னது.

கோர்ட் தீர்ப்பு அறிவியல் ஆய்வு ஆகாது, சரி. ஆய்வுகள் என்ன சொல்லுது? அமெரிக்காவுல மருந்தடிக்கிற சுமார் 54,000 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2018-ல வந்தது. அந்தப் புற்றுநோய்க்கும் கிளைபோசேட்டுக்கும் தொடர்பு தெரியலை. அடுத்த வருஷம், இதையும் சேர்த்துப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு குழு, ரொம்ப அதிகமா மருந்து பட்டவங்களுக்கு 41% கூடுதல் வாய்ப்புன்னு சொன்னது. (கேன்ல இருந்த 41 வேற, இது வேற!) அமெரிக்காவுல ஒருத்தருக்கு ஆயுசுல இந்த நோய் வர வாய்ப்பு ஏறக்குறைய 2%. அதுல 41% கூடினா 2.8%. ஆயிரம் பேருக்கு 20 என்பது 28 ஆகும். பதற வேண்டிய எண் இல்லை, ஒதுக்கித் தள்ளுற எண்ணும் இல்லை. அந்த எட்டுப் பேர் இருந்தா, அவங்க ஊஞ்சல் ஆடுற பிள்ளைங்களா இருக்க மாட்டாங்க, டேங்க்கை முதுகுல சுமக்கிறவங்களாத்தான் இருப்பாங்க.

குரூப்ல முந்நூறு மெசேஜ் வந்தது. அதுல ஒண்ணுகூட மருந்தடிச்ச அண்ணனைப் பத்தி இல்லை. அடுத்த நாள் அவர்கிட்ட பேசினேன். வேட்டியை மடிச்சுக் கட்டி, ரப்பர் செருப்பு, வெறும் கை. கேன்ல கையுறை, பூட்ஸ், முகமூடின்னு படமே போட்டிருக்கே அண்ணான்னு கேட்டேன். "இந்த வெயில்ல அதை எப்படி தம்பி போடுறது? கை வேர்த்து நாசில் வழுக்குது. டேங்க் வேற ஒழுகுது, முதுகு முழுக்க ஈரம்." இந்த மருந்து தோல் வழியா உள்ளே போறது குறைவுதான். ஆனா அந்தக் குறைவை அளந்தவங்க, ஒழுகுற டேங்க்கை மாசாமாசம் முதுகுல கட்டிக்கிறவரை நினைச்சு அளந்திருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம்.

அப்புறம் இன்னொண்ணும் தெரிய வந்தது. பூச்சிக்கட்டுப்பாட்டுச் சேவை நடத்துறவங்க மூலமா மட்டும்தான் கிளைபோசேட்டைப் பயன்படுத்தணும்னு ஒன்றிய அரசு 2022 அக்டோபர்லயே ஆணை போட்டிருக்கு. அசோசியேஷன்ல யாருக்கும் இது தெரியாது. எனக்கும் அன்னிக்குத்தான் தெரியும்.

மீட்டிங்ல இதைச் சொன்னேன். ஊஞ்சலைச் சுத்தி மட்டும் இல்லை, எங்கேயும் மருந்து வேண்டாம், களைக்கொத்து வச்சு ஆளை விட்டு எடுக்கலாம்னு முடிவாச்சு. அதே அண்ணனுக்கு மாசம் ரெண்டு நாள் கூலி கூடுது. வீட்டுக்கு 40 ரூபாய் வருது. கேன்சர்னு முதல்ல மெசேஜ் போட்டவர் இன்னும் கொடுக்கலை.